புரதப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்? புரோட்டியோமிக்ஸ் வேலை செய்யும் விதம்

மக்களின் ரத்த மாதிரிகளையும் உடல்நலத் தகவல்களையும் சேமித்துவைக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க், 2025 ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. தன்னிடம் உறைநிலையில் உள்ள 6 லட்சம் ரத்த மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 5,400 புரதங்கள் வரை அளக்கப்போவதாகச் சொன்னது. 2023இலேயே இத்திட்டத்தின் முதற்கட்டமாக 54,219 பேரின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) 2,923 புரதங்களை அளந்த முடிவுகள் வெளியாகியிருந்தன. இதைத் தொடர்ந்து, நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தம் அதைச் சொல்லிவிடும் என்ற தலைப்புகள் செய்திகளில் வரிசையாக வருகின்றன.

படிப்பவருக்கு இயல்பாக எழும் ஐயங்கள் இவை: ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் எப்படி அளக்கிறார்கள்? கருவி ஒரு புரதத்தின் பெயரைச் சொன்னால் அந்தப் புரதம் மாதிரியில் இருந்தே ஆகவேண்டுமா? ஒரு ஆய்வகம் கண்ட புரதத்தை இன்னொரு ஆய்வகம் ஏன் காண்பதில்லை? விடை ஒரே இடத்தில் இருக்கிறது. எந்தக் கருவியும் புரதத்தின் பெயரை நேராகப் படிப்பதில்லை. துண்டுகளின் நிறையையோ, ஒட்டிக்கொண்ட ஆன்டிபாடியின் சமிக்ஞையையோ வைத்துப் பெயர் ஊகிக்கப்படுகிறது. அந்த ஊகம் எந்தப் படியில் வலுக்கிறது, எந்தப் படியில் நழுவுகிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே புரதப் பட்டியல் பயன்படும்.

## மரபணு வரிசை இருக்கும்போது இது எதற்கு?

மனிதரிடம் புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கல்லீரல் செல்லிலும் விழித்திரைச் செல்லிலும் அவை ஒன்றேதான். அந்த நேரத்தில் எந்தப் புரதம், எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் செல்லுக்குச் செல் மாறுகிறது. ஒரு செல் அல்லது திசுவில் குறிப்பிட்ட நேரத்தில் உள்ள புரதங்கள் அனைத்தையும் சேர்த்து புரோட்டியோம் என்கிறோம். 1994இல் இத்தாலியின் சியனாவில் நடந்த கூட்டத்தில் மார்க் வில்கின்ஸ் முன்வைத்த சொல் அது. அந்தத் தொகுதியை அடையாளம் கண்டு அளப்பது புரோட்டியோமிக்ஸ்.

ஆர்என்ஏவை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். பல புரதங்களுக்குப் போதாது. பி53 என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தைப் பாருங்கள். இயல்பான செல்லில் அதற்கான ஆர்என்ஏ தாராளமாக உள்ளது. ஆனால் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53ஐ உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடுவதால் அது மிகக் குறைவாகவே தங்குகிறது. டிஎன்ஏ சேதமடைந்தால் இந்த அழிப்பு நிற்கிறது. ஆர்என்ஏ பெரிதாக மாறாமலேயே பி53 பெருகுகிறது. ஆர்என்ஏவை மட்டும் அளந்தவருக்கு இந்த மாற்றம் தெரியாது. பாஸ்பேட் ஏறுவது, சர்க்கரை சேர்வது, வெட்டுப்படுவது போன்ற பின்மாற்றங்களும் ஆர்என்ஏவில் எழுதப்பட்டிருப்பதில்லை.

புரதத்தில் இரண்டு அடிப்படைச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, டிஎன்ஏவைப் பிசிஆர் கொண்டு கோடி மடங்கு பெருக்கலாம். புரதத்தைப் பெருக்க அப்படி ஒரு வழி கிடையாது. மாதிரியில் உள்ளதை வைத்துத்தான் அளக்கவேண்டும். இரண்டாவது, அளவு வீச்சு. பிளாஸ்மாவில் ஆல்புமின் ஒரு மில்லிலிட்டருக்கு 35 முதல் 50 மில்லிகிராம். இன்டர்லூக்கின்-6 சில பிக்கோகிராம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) ஒரே ஓட்டத்தில் பிடிக்கும் வீச்சு பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் மடங்கு வரைதான். இத்துறையின் நுட்பங்களில் பாதி இந்த இடைவெளியைச் சமாளிக்க வந்தவை.

1975இல் ஓ'ஃபாரல் இருபரிமாண ஜெல் முறையில் ஈ. கோலை பாக்டீரியத்தின் புரதங்களை 1,100 புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு திசையில் மின்சுமைப்படி, மறு திசையில் நிறைப்படி பிரிக்கும் முறை அது. பிரிக்க முடிந்தது, ஆனால் எந்தப் புள்ளி எந்தப் புரதம் என்று வேகமாகச் சொல்ல வழியில்லை. 1980களின் பின்பாதியில், பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் மின்சுமை ஏற்றி ஆவிநிலைக்குக் கொண்டுவரும் இரண்டு உத்திகள் வந்தபோது கதவு திறந்தது. ஒன்று எலக்ட்ரோஸ்ப்ரே, மற்றது லேசரால் பெயர்க்கும் முறை. இவ்வகை வேலைக்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாக்காவும் 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

## மேசையில் நடப்பது: படிப்படியாக

இன்று மிக அதிகம் புழங்குவது, புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டி, அத்துண்டுகளை நிறைமாலைமானியில் அளக்கும் முறை. முடிவின் தரம் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிக்கு முந்தைய படிகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

1. மாதிரி எடுத்தல். ரத்தமென்றால் பிளாஸ்மாவா சீரமா (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவம்) என்று முதலிலேயே முடிவெடுத்து, ஆய்வு முழுக்க ஒன்றையே பின்பற்றவேண்டும். சீரத்தில் ரத்தம் உறையும்போது பிளேட்லெட்கள் தங்கள் சரக்கைக் கொட்டிவிடும். பிளாஸ்மாவிலும் ஒரே முறை மெதுவாகச் சுழற்றினால் பிளேட்லெட்கள் மிஞ்சும். உறையவைத்து உருக்கும்போது அவை உடைந்து, த்ராம்போஸ்பாண்டின் போன்றவை "உயர்ந்ததாக"த் தெரியும். ஊசியில் சிவப்பணு உடைந்திருந்தால் ஹீமோகுளோபினோடு கார்பானிக் அன்ஹைட்ரேஸ், கேட்டலேஸ், பெராக்ஸிரெடாக்ஸின்-2 ஆகியவையும் ஏறும். இந்தப் பெயர்கள் ஒரு நோயின் அடையாளப் புரதங்களாக அறிவிக்கப்பட்டிருந்தால், முதலில் சந்தேகிக்கவேண்டியது மாதிரி எடுத்த கையை. மாதிரியைச் சிறு பங்குகளாகப் பிரித்து –80 டிகிரியில் வைக்கவேண்டும். ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்கக்கூடாது.

2. செல்லை உடைத்தல். வழக்கமான கரைசல், 8 மோலார் யூரியா, 50 முதல் 100 மில்லிமோலார் ட்ரிஸ் அல்லது அம்மோனியம் பைகார்பனேட், பிஎச் 8, கூடவே புரோட்டியேஸ் தடுப்பான். பாஸ்பேட் ஏறிய இடங்களைத் தேடுவதானால் பாஸ்ஃபடேஸ் தடுப்பானும் கட்டாயம். யூரியாக் கரைசலை அன்றன்று புதிதாகக் கரைக்கவேண்டும், 37 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது. சூட்டில் யூரியா சிதைந்து சயனேட் உண்டாகி, லைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேரும். அந்த லைசின் 43 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) கனத்துப்போகும், புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினும் அங்கே வெட்டாது. சவ்வுப் புரதங்களுக்கு எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் 5 சதவீத அளவில் நன்றாக வேலை செய்யும். ஆனால் எஸ்டிஎஸ் துளி மிஞ்சினாலும் கருவியில் பெப்டைடின் சமிக்ஞையை அமுக்கிவிடும். காந்த மணிகளில் புரதத்தைப் படியவைத்துக் கழுவியோ, பொறிவடிகட்டிக் குழாய்களைக் கொண்டோ அதை முழுதாக நீக்கியாகவேண்டும்.

3. புரத அளவு பார்த்தல். பிசிஏ என்ற நிறச் சோதனை போதும். அடுத்த படியில் வரும் டைதையோதிரைட்டால் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும். அது பிசிஏ நிறத்தைக் கெடுக்கும். பிராட்ஃபோர்டு சோதனையைக் கெடுப்பது எஸ்டிஎஸ். இந்தப் படியில் பிழை நேர்ந்தால் எல்லா மாதிரிகளிலும் சம அளவு புரதம் எடுத்ததாக நினைப்போம், உண்மையில் எடுத்திருக்கமாட்டோம்.

4. கந்தகப் பாலங்களை உடைத்து மூடுதல். 5 முதல் 10 மில்லிமோலார் டைதையோதிரைட்டால், 30 நிமிடம். பிறகு அதைவிட இரண்டு மடங்கு ஐயோடோஅசிட்டமைடு, அறை வெப்பத்தில், இருட்டில், 30 நிமிடம். ஒவ்வொரு சிஸ்டீனும் 57.021 டால்டன் கூடும். பின்னால் மென்பொருளுக்கு இதைச் சொல்லவேண்டும். ஐயோடோஅசிட்டமைடு ஒளியில் சிதைவதால்தான் இருட்டு. அளவோ நேரமோ கூடினால் அது சிஸ்டீனோடு நிற்காமல் லைசின், மெத்தியோனின் என்று கண்ட இடத்திலும் ஒட்டும். ஆகவே முடிவில் கொஞ்சம் டைதையோதிரைட்டால் சேர்த்து மிச்சத்தைச் செலவழித்துவிடுவது வழக்கம்.

5. டிரிப்சினால் வெட்டுதல். யூரியாவை 2 மோலாருக்குக் கீழே நீர்க்கச்செய்த பிறகுதான் டிரிப்சின் சேர்க்கவேண்டும். இதை மறந்தால் நொதி தானே குலைந்துவிடும். 50 மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 மைக்ரோகிராம் டிரிப்சின், பிஎச் 8, 37 டிகிரி, 12 முதல் 16 மணி நேரம். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் அது வெட்டும். அடுத்து புரோலின் வந்தால் பொதுவாக வெட்டாது. லைஸ்-சி நொதி யூரியாவைத் தாங்கும் என்பதால், முதலில் அதைப் போட்டுப் பிறகு டிரிப்சின் போட்டால் வெட்டப்படாத இடங்கள் குறையும். ஃபார்மிக் அமிலம் சேர்த்து பிஎச் 3க்குக் கீழே இறக்கினால் வெட்டு நிற்கும்.

6. உப்பு நீக்குதல். சி-18 நிரப்பிய சிறு குழாயில் பெப்டைடுகள் ஒட்டும், உப்பும் யூரியாவும் ஓடிவிடும். 50 சதவீத அசிட்டோநைட்ரைலில் இறக்கி, உலர்த்தி, 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் கரைக்கவேண்டும். கரைசல் அமிலமாக இல்லாவிட்டால் பெப்டைடு ஒட்டாமல் கழுவுநீரோடு போய்விடும். தொடக்கநிலையில் "கருவியில் ஒன்றுமே வரவில்லை" என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கே இருக்கும். கழுவிய நீரைக் கொட்டாமல் எடுத்துவைத்தால் சோதித்துப் பார்க்கலாம்.

7. பிரித்து அளத்தல். 200 நானோகிராம் முதல் 1 மைக்ரோகிராம் வரை பெப்டைடு, 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட குழாயில், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் என்ற மெல்லிய ஓட்டத்தில் செல்லும். அசிட்டோநைட்ரைல் மெதுவாகக் கூடக்கூட பெப்டைடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, ஊசிமுனையில் மின்சுமை ஏறிக் கருவிக்குள் நுழையும். முன்பு ஒரு மாதிரிக்கு 90 முதல் 120 நிமிடம் ஆகும். புதிய கருவிகளில் அரை மணிக்குள்ளேயே பல ஆயிரம் புரதங்கள் கிடைக்கின்றன.

மாசுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்கமுடியாது. தோல், முடி, தூசியிலிருந்து வரும் கெரட்டின் எந்த மாதிரியிலும் முன்வரிசையில் நிற்கும். கையுறையை மாற்றுவதும், குழாய்களைத் திறந்துவைக்காதிருப்பதும், கம்பளி உடையைத் தவிர்ப்பதும் உண்மையான பலன் தருபவை. 44 டால்டன் இடைவெளியில் ஏணிப்படி போல உச்சங்கள் வந்தால் அது பாலிஎத்திலீன் கிளைக்கால். சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடிக் குடுவை, டிரைட்டான், ட்வீன் ஆகியவை அதன் மூலங்கள். அது குழாயில் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்தவர்களின் மாதிரிகளையும் கெடுக்கும். எனவே புரோட்டியோமிக்ஸ் கரைசல்களுக்கான குடுவைகளைச் சோப்பில் கழுவக்கூடாது.

## நிறையிலிருந்து பெயருக்கு

கருவி தருவது நிறையை மின்சுமையால் வகுத்த விகிதம் மட்டுமே. மாட்டின் சீரம் ஆல்புமினில் எல்லோரும் காணும் ஒரு பெப்டைடை எடுத்துக்கொள்வோம்: லியூசின், வாலின், ஆஸ்பரஜின், குளூட்டமிக் அமிலம், லியூசின், திரியோனின், குளூட்டமிக் அமிலம், பினைலலனின், அலனின், லைசின். பத்தின் நிறைகளையும் கூட்டி ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் 1162.623 டால்டன். இரண்டு புரோட்டான்கள் ஏறினால் (1162.623 + 2.015) ÷ 2 = 582.319. திரையில் இந்த எண்ணில் ஓர் உச்சம் தெரியும். அதன் பக்கத்தில் கார்பன்-13 காரணமாக அரை அலகு இடைவெளியில் துணை உச்சங்கள் நிற்கும். அரை அலகு என்பதே இரட்டை மின்சுமைக்கு அடையாளம்.

ஆனால் 582.319 என்ற எண்ணுக்குப் பொருந்தும் வேறு பெப்டைடுகளும் இருக்கும். ஆகவே கருவி அந்த அயனியை மட்டும் தனியே பிடித்து, நைட்ரஜன் வாயுவில் மோதவிட்டு உடைக்கிறது. முதுகெலும்பு பல இடங்களில் முறிந்து, நுனியிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலமாக நீளும் துண்டுகள் கிடைக்கும். நம் பெப்டைடின் வால்பக்கத் துண்டுகள் 147.113, 218.150, 365.218 என்று வரும். முதலாவது லைசின். அடுத்த வித்தியாசம் 71.037, அது அலனின். அதற்கடுத்தது 147.068, பினைலலனின். இப்படி எண்களின் இடைவெளியே எழுத்தாகிறது. லியூசினும் ஐசோலியூசினும் இரண்டும் 113.084 என்பதால் இம்முறையில் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

நடைமுறையில் யாரும் இதைக் கையால் படிப்பதில்லை. மென்பொருள், அந்த உயிரியின் எல்லாப் புரத வரிசைகளையும் கணினியில் டிரிப்சினால் வெட்டி, ஒவ்வொரு துண்டும் உடைந்தால் என்ன எண்கள் வரும் என்று கணக்கிட்டு, கண்ட எண்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. 1994இல் வந்த சீக்வெஸ்ட் இதற்கு வழிவகுத்தது. மேக்ஸ்குவான்ட், எம்எஸ்ஃப்ராகர் ஆகியவை இப்போது பரவலாக இருப்பவை. இதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது: தரவுத்தளத்தில் இல்லாத வரிசையை மென்பொருள் கண்டுபிடிக்காது. வரிசை முழுதாக அறியப்படாத ஒரு மூலிகையை அராபிடாப்சிஸ் என்ற மாதிரித் தாவரத்தின் தரவுத்தளத்தில் தேடினால் கிடைப்பது, இரண்டு தாவரங்களிலும் எழுத்து மாறாமல் இருக்கும் பெப்டைடுகளைக் கொண்ட புரதங்கள் மட்டுமே.

## "ஒரு சதவீதப் பிழை" என்பதன் பொருள்

ஒப்பிடும் மென்பொருள் எந்த நிறமாலைக்கும் (ஒரு பெப்டைடு உடைந்து தந்த உச்சங்களின் தொகுப்புக்கும்) ஏதாவது ஒரு பெப்டைடை முதலிடத்தில் நிறுத்தும். அது சரியா என்று எப்படி அறிவது? உண்மையான வரிசைகளோடு, அவற்றைத் தலைகீழாக எழுதிய பொய் வரிசைகளையும் சம எண்ணிக்கையில் சேர்த்துத் தேடுகிறார்கள். ஊரில் இல்லாதவர்களின் பெயர்களைத் தெரிந்தே வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்தப் பெயர்களில் எத்தனை வாக்கு விழுகிறது என்று எண்ணி, கள்ள வாக்கு மொத்தம் எவ்வளவு இருக்கும் என மதிப்பிடுவதைப் போன்றது இது. பொய் வரிசைகள் ஒரு சதவீதத்துக்கு மேல் நுழையாதபடி மதிப்பெண் எல்லையை உயர்த்துவார்கள். இதுதான் ஒரு சதவீதத் தவறான கண்டறிதல் வீதம்.

எந்த மட்டத்தில் ஒரு சதவீதம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. 50,000 நிறமாலைகள் ஏற்கப்பட்டன; அவற்றில் 500 தவறு.
2. சரியான 49,500ம் உண்மையில் இருக்கும் 5,000 புரதங்களின் மீதே திரும்பத்திரும்ப விழும்.
3. தவறான 500 எங்கும் சிதறும். 20,000 புரதங்களில் 15,000 மாதிரியில் இல்லாதவை என்பதால், ஏறத்தாழ 375 தவறுகள் இல்லாத புரதங்களின் மீது விழும். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று.
4. ஆக, புரதப் பட்டியல் 5,375. அதில் 375 பொய், அதாவது 7 சதவீதம்.

பல மாதிரிகளின் பட்டியல்களை ஒன்றாக ஒட்டினால் நிலைமை மோசமாகும். உண்மையான புரதங்கள் ஒவ்வொரு முறையும் அவையேதான். பொய்கள் ஒவ்வொரு முறையும் புதியவை.

இது ஏட்டளவுக் கவலை அன்று. 2014 மே மாதம் நேச்சர் இதழில் மனிதப் புரோட்டியோமின் இரண்டு வரைவுகள் ஒரே நேரத்தில் வந்தன. அகிலேஷ் பாண்டேயின் தலைமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனமும் முன்னின்று செய்த வரைவு, 30 வகைத் திசுக்களையும் செல்களையும் ஆராய்ந்து 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு கூஸ்டர் குழு 18,000க்கு மேல் சொன்னது. சில மாதங்களிலேயே ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு முரணைச் சுட்டினார்கள். இரண்டு பட்டியல்களிலும் மணம் உணரும் ஏற்பிப் புரதங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன; ஆனால் எந்த வரைவிலும் மூக்குத் திசு சேர்க்கப்படவில்லை. அவற்றின் நிறமாலைகளை எடுத்துப் பார்த்தபோது பல நம்பத்தக்கவையாக இல்லை.

அந்த இரண்டு வரைவுகளும் திரட்டிய மூலத்தரவு இன்றும் மதிப்புள்ளது. இந்திய ஆய்வுக்கூடம் ஒன்று இத்தகைய பணியின் நடுவில் நின்றதும் பெருமைக்குரியதே. விமர்சனத்தால் விளைந்த நன்மையும் பெரிது. மனிதப் புரோட்டியோம் திட்டம் விதியை இறுக்கியது: ஒரு புரதம் இருப்பதாக முதன்முறை அறிவிக்க, வேறெந்தப் புரதத்திலும் வராத, ஒன்றுக்குள் ஒன்று அடங்காத இரண்டு பெப்டைடுகள் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 9 அமினோ அமில நீளம் இருக்கவேண்டும். இந்தக் கண்டிப்பான அளவுகோலிலேயே 2020இல் 90.4 சதவீதம் எட்டப்பட்டது.

## இருக்கிறதா என்பதிலிருந்து எவ்வளவு என்பதற்கு

அளவிடும் உத்திகள் பல. ஒவ்வொன்றின் பலவீனத்தையும் தெரிந்துகொண்டால் போதும்.

அடையாளமிடாத முறையில் ஒவ்வொரு மாதிரியும் தனியே ஓடும், உச்சத்தின் பரப்பே அளவு. மலிவானது. ஆனால் முனைப்பான அயனிகளை மட்டும் தேர்ந்து உடைக்கும் பழைய அமைப்பில், ஒரு மாதிரியில் தேர்வான பெப்டைடு அடுத்ததில் தேர்வாகாமல் போகும். அட்டவணை முழுக்க ஓட்டைகள். அந்த ஓட்டைகளைக் கணினி ஊகித்து நிரப்பிய எண்களே சில ஆய்வுகளில் "பெரும் வேறுபாடு" ஆகிவிடுகின்றன. 2012 முதல் பரவிய டிஐஏ முறை, தேர்வு செய்யாமல் குறிப்பிட்ட நிறை இடைவெளியில் உள்ள எல்லா அயனிகளையும் ஒருசேர உடைக்கிறது. சிக்கலான கலவை நிறமாலையைப் பிரித்தெடுக்கும் வேலை டிஐஏ-என்என் போன்ற மென்பொருளிடம் போகிறது. ஓட்டைகள் வெகுவாகக் குறைந்துள்ளன.

சைலாக் முறையில் ஒரு நிலைச் செல்களை மட்டும் கனமான லைசினிலும் ஆர்ஜினினிலும் வளர்க்கிறார்கள். லைசினில் முடியும் பெப்டைடு 8.014 டால்டன், ஆர்ஜினினில் முடிவது 10.008 டால்டன் கூடுதலாகத் தெரியும். இரண்டு நிலைச் செல்களையும் தொடக்கத்திலேயே கலந்துவிடுவதால் பிறகு நேரும் இழப்பு இரண்டுக்கும் சமம். வளர்ப்பு ஊடகத்தில் சாதாரணச் சீரம் சேர்த்தால் அதிலுள்ள இலகுவான அமினோ அமிலம் கணக்கைக் குலைக்கும். டயாலிசிஸ் செய்த சீரமே சேர்க்கவேண்டும். டிஎம்டி முறையில் பல மாதிரிகளை வேதிக்குறியிட்டு ஒன்றாக ஓட்டலாம். அங்கே பக்கத்துப் பெப்டைடுகளும் சேர்ந்து உடைவதால் வேறுபாடு உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். நான்கு மடங்கு உயர்வு இரண்டு மடங்காகச் சுருங்கலாம்.

எந்த முறையானாலும் 5,000 புரதங்களை 0.05 என்ற நிகழ்தகவு எல்லையில் ஒப்பிட்டால், எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு குழுக்களிலும் 250 புரதங்கள் "மாறியதாக" வரும். பல்சோதனைத் திருத்தம் செய்யாத கட்டுரையை அங்கேயே மூடிவைத்துவிடலாம்.

## பிளாஸ்மாவுக்கு ஏன் வேறு வழி?

பிளாஸ்மாவின் புரத நிறையில் 99 சதவீதம் 22 புரதங்களுக்குள் அடங்கிவிடும். இன்டர்லூக்கின்-6 போன்ற, நோய்ச் செய்தி சுமக்கும் சைட்டோகைன்கள் மிச்சமுள்ள ஒரு சதவீதத்தின் அடியாழத்தில் கிடக்கின்றன. ஆல்புமினையும் இம்யூனோகுளோபுலினையும் முதலில் பிரித்தகற்றலாம். ஆனால் ஆல்புமின் பல சிறு புரதங்களைச் சுமந்து செல்வது. அது போகும்போது அவையும் போகும்.

யுகே பயோபேங்க் திட்டம் நிறைமாலைமானியைப் பயன்படுத்தவில்லை. அங்கே ஒரு புரதத்துக்கு இரண்டு ஆன்டிபாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிஎன்ஏ இழை தொங்கும். இரண்டும் ஒரே புரதத்தில் ஒட்டினால்தான் இழைகள் இணையும். இணைந்த டிஎன்ஏவைப் பெருக்கி எண்ணுகிறார்கள். புரதத்தைப் பெருக்க முடியாது என்ற தடையை இது சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. சோமாஸ்கேன் என்ற போட்டி முறை, ஆன்டிபாடிக்குப் பதில் வேதிமாற்றம் செய்த அப்டாமர்களை, அதாவது மடிந்து புரதத்தைப் பற்றும் டிஎன்ஏ இழைகளை, பயன்படுத்துகிறது.

இவற்றில் கவனிக்கவேண்டியவை மூன்று.

- பட்டியலில் முன்கூட்டியே உள்ள புரதங்களை மட்டுமே இவை பார்க்கும். புதிதாக எதையும் கண்டெடுக்காது.
- தரும் எண் ஒப்பீட்டு அளவு. மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அதைப் படிக்கக்கூடாது.
- ஒருவரின் மரபணு மாற்றம் ஆன்டிபாடி ஒட்டும் இடத்தையே மாற்றியிருந்தால், புரத அளவு குறையாமலேயே சமிக்ஞை குறையும். "இந்த மரபணு வகை இந்தப் புரதத்தைக் குறைக்கிறது" என்ற முடிவு அப்போது பொய்.

ஒரே ஆட்களை இரண்டு முறைகளிலும் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில் சில புரதங்கள் நன்றாக ஒத்துப்போகின்றன, பல ஒத்துப்போவதில்லை. ஒரு புரதத்தின் மீது பெரிய முடிவு எடுக்கும் முன் வேறொரு முறையில் அதை உறுதிசெய்யவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

## 2002: முந்திக்கொண்ட ஒரு சோதனை

2002 பிப்ரவரியில் லான்செட் இதழில் வந்த ஆய்வு, சீரத்தின் நிறைமாலை வடிவத்தைக் கொண்டே சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்றது. நோயுள்ள 50 பேரையும் சரியாகப் பிடித்தது. நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாக விலக்கியது. பெரும் நம்பிக்கை பிறந்தது.

எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் வெளியிடப்பட்ட மூலத்தரவை எடுத்து மறுபடி அலசினார்கள். ஒரு தரவுத் தொகுப்பில் நோயைப் பிரித்த வடிவம் மற்றொன்றில் பிரிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, புரதச் செய்தி எதுவும் இருக்க வாய்ப்பில்லாத இரைச்சல் பகுதியைக் கொண்டே இரு குழுக்களையும் பிரிக்க முடிந்தது. பிரித்தது நோயின் வேறுபாடு இல்லை, மாதிரிகளைக் கையாண்ட விதத்தின் வேறுபாடு என்று கருத இது இடம் கொடுத்தது. 2004இல் இச்சோதனை விற்பனைக்கு வரவிருந்தபோது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தலையிட்டது. அது சந்தைக்கு வரவில்லை.

சோதனை சொன்னபடியே வேலை செய்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 2,500 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் என்று கொள்வோம். அந்த ஒருவர் பிடிபடுவார். மற்ற 2,499 பேரில் 5 சதவீதம், அதாவது 125 பேருக்கும் நோய் என்றே விடை வரும். சோதனை சுட்டும் 126 பேரில் ஒருவருக்குத்தான் நோய். உறுதிசெய்ய அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நோயில் இது தாங்கக்கூடிய விலை அன்று. ஆயிரம் புரதங்களைக் கொண்டு நோயை முன்கூட்டிச் சொல்வதாக இன்று வரும் ஒவ்வொரு செய்திக்கும் இந்தக் கணக்கைப் போடவேண்டும்.

2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓவா1 என்ற சோதனை ஐந்து புரதங்களை மட்டும் அளக்கிறது. எல்லாப் பெண்களுக்குமான முன்னறிவிப்பாக அது அனுமதிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை முடிவான கட்டி உள்ளவர்களில் யாரைப் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்புவது என்ற குறுகிய கேள்விக்கே அது விடை தருகிறது. கேள்வி குறுகியதால்தான் சோதனை நின்றது.

## உறுதியாக நிலைத்த இரண்டு பயன்கள்

கிருமியை அடையாளம் காணல். மருத்துவ ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது. தட்டில் வளர்ந்த பாக்டீரியத் திட்டிலிருந்து சிறிது எடுத்து எஃகுத் தகட்டில் தேய்த்து, 1 மைக்ரோலிட்டர் 70 சதவீத ஃபார்மிக் அமிலம், உலர்ந்ததும் 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் கரைசல் வைத்து லேசர் அடித்தால், 2,000 முதல் 20,000 வரையிலான பகுதியில் பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களின் உச்சங்கள் தெரியும். நூலகத்தோடு ஒப்பிட்டு இனத்தின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். பழைய உயிர்வேதிச் சோதனைகளுக்கு ஒரு நாளாவது ஆகும். வரம்பும் தெளிவு: ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் இது நம்பகமாகப் பிரிக்காது. தேய்க்கும்போது திட்டு தடித்துவிட்டால் சமிக்ஞை வராது. மெல்லியதாகத் தேய்ப்பதே திறமை.

மருந்து எதைத் தொடுகிறது என்று அறிதல். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறைபாட்டோடு பிறக்கவைத்து 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அது உடலில் எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது அரை நூற்றாண்டு தெரியவில்லை. 2010இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு, தாலிடமைடைக் காந்த மணிகளில் பிணைத்துச் செல் சாற்றில் இட்டு, ஒட்டிவந்ததை நிறைமாலைமானியில் பார்த்தது: செரெப்ளான். அது, பிற புரதங்களை அழிவுக்குக் குறிக்கும் இயந்திரத்தின் ஒரு பகுதி. அப்படியானால் மருந்து எதை அழிக்கவைக்கிறது? 2014இல் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்களை சைலாக் முறையில் ஒப்பிட்டபோது, இதே குடும்ப மருந்தான லெனலிடமைடு பட்ட செல்களில் இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்கள் சரிந்திருந்தன. மைலோமாவில் அது வேலை செய்யும் காரணம் அதுவே. 2018இல் கருவளர்ச்சிக்குத் தேவையான சால்4 என்ற புரதமும் இப்படி அழிக்கப்படுவது தெரிந்தது. பிறவிக் குறைபாடுகளுக்கான விளக்கம் அங்கே கிடைத்தது. குறிப்பிட்ட புரதத்தை அழிக்கவைக்கும் மருந்துகள் என்ற புதிய துறை இந்தக் கண்டுபிடிப்புகளால் பெரும் வேகம் பெற்றது.

## கருவி இல்லாமல் படிக்கத் தொடங்க

நிறைமாலைமானியின் விலை பல கோடி ரூபாய். ஆனால் இத்துறையில் வெளியாகும் கட்டுரைகளின் மூலத்தரவு, புரோட்டியோம்எக்ஸ்சேஞ்ச் கூட்டமைப்பின் கீழ் பிரைடு போன்ற பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரையின் இறுதியில் பிஎக்ஸ்டி என்று தொடங்கும் எண் இருந்தால் தரவு அங்கே இருக்கிறது. சிறிய ஈஸ்ட் தரவுத் தொகுப்பு ஒன்றை இறக்கி, மேக்ஸ்குவான்டில் யூனிப்ராட் தரவுத்தளத்தின் ஈஸ்ட் வரிசைகளோடும் மாசுப் பட்டியலோடும் தேடலாம். 16 ஜிபி நினைவகமுள்ள கணினி போதும். முதலில் ஒரு சதவீத எல்லையில் ஓட்டி, பிறகு மாசுப் பட்டியலை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். கெரட்டினுக்கும் டிரிப்சினுக்கும் உரிய நிறமாலைகளில் சில, போக இடமில்லாமல் எந்த ஈஸ்ட் புரதங்களின் பெயரில் போய் உட்காருகின்றன என்று இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.